கழுவாத தொட்டி

அந்தக் கோடையில் காற்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு எங்கேயோ போயிருந்தது. கொடியில் போட்ட துணி போட்ட மாதிரியே விறைத்து நின்றது. ஏரித் தண்ணீர் அசைய மறந்துபோய், கரையோர விளக்குக் கம்பங்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது. நீந்தினால் வியர்க்கும் என்று வாத்துகள் கரையேறி உட்கார்ந்திருந்தன. இதை நம்பாதவர்கள் யாரும் அந்தக் கோடையில் அந்தத் தெருவில் குடியிருந்திருக்க மாட்டார்கள்.

ஏரிக்கரைத் தெருவின் கடைசி வீட்டில், சமையலறையைத் தாண்டினால் ஒரு கொல்லை. அதில் வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள். தொட்டிகளில் தண்ணீர்த் தெள்ளுகள். கடுகை நாலாக உடைத்து, அதில் ஒரு துண்டுக்குக் கையும் காலும் கொடுத்து, ‘குதி’ என்று சொல்லித் தண்ணீரில் விட்டால் எப்படி இருக்கும்? அதுதான் தெள்ளு. மீன் குஞ்சுகளுக்கு அதைவிட்டால் வேறு விருந்து கிடையாது. அவற்றை வளர்ப்பதாலேயே அந்த வீட்டுக்காரிக்குத் தெருவில் தெள்ளம்மா என்று பெயர். உண்மையான தொழில் திரைச்சீலை தைப்பது. ஆனால் திரைச்சீலையம்மா என்று கூப்பிட யாருக்கு வாய் நீளும்?

தையல் எந்திரத்தில் உட்காருமுன் தெள்ளுகளைக் கவனிப்பது அவள் வழக்கம். ஈஸ்ட்டைச் சிட்டிகை எடுத்துக் கரைத்து ஊற்றுவாள். பிறகு பச்சைத் தண்ணீர். வெயிலில் வைத்த ஜாடிகளில் பாசி பிடித்துப் பச்சையான தண்ணீர்தான் தெள்ளுக்குச் சாப்பாடு. அதன் தரம் பார்க்க அவளிடம் ஒரு முறை இருந்தது. கையைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். மணிக்கட்டு முங்கும்போது நகம் மறைந்தால் நல்ல தண்ணீர். முழங்கைவரை போயும் நகம் தெரிந்தால் அது வெறும் தண்ணீர், அதை ஊற்றுவதற்குப் பதில் தொட்டியைப் பார்த்துக் கொட்டாவி விடலாம். இந்தக் கணக்கு அவளை ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

அவள் கணவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். டிரைவர் என்றால் தெருவுக்கே தெரியும். அவ்வளவு நிதானமான ஓட்டுநர் இனிப் பிறக்க வேண்டும். அவர் வண்டியில் முன்வாசல் வழியாக ஏறிய பையன் பின்வாசல் வழியாக இறங்கும்போது மீசை முளைத்திருந்தது என்பார்கள். மீசை இல்லை, வெறும் அரும்புதான் என்று மறுப்பவர்களும் உண்டு. அந்த நிதானத்தை அவர் வீட்டு வேலைகளிலும் விடவில்லை. எது சொன்னாலும் ‘நாளைக்கு’ என்பார். சமையலறைக் குழாய் அந்த ‘நாளைக்கு’க்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. கூடத்து மின்விசிறி அதற்காகவே கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. கொல்லை மூலையில், குளியலறையிலிருந்து கழற்றிப் போட்ட பழைய குளியல் தொட்டியும் அதற்காகத்தான் காத்துக் கிடந்தது. தாமரை வளர்க்கிறேன் என்று ஏரிச் சேற்றை வாரிக்கொண்டு வந்து அதில் கொட்டினார். தாமரை வரவில்லை. சேறு மட்டும் நிரந்தரக் குடியுரிமை வாங்கிக்கொண்டது.

ஓய்வு பெற்ற புதிதில் மனிதர் ரொம்ப வாடிப்போனார். சாய்வு நாற்காலியில் தூங்குவார், நிறுத்தம் வரும் நேரத்துக்கு எல்லாம் விழித்து வலது காலால் தரையை அழுத்துவார். சாப்பாடு இறங்கவில்லை. மகள்தான் ஒரு ஜோடித் தங்கமீன் வாங்கி வந்தாள். பெண்ணுக்கு வயிறு பெருத்திருந்ததால் மகாராணி. ஆண் ஒல்லியாக இருந்ததால் நோஞ்சான். மகளுடைய பழைய அறை மீன் அறையாயிற்று. டிரைவர் முக்காலியைப் போட்டுக் கண்ணாடித் தொட்டிமுன் உட்கார்ந்தார், அன்று உட்கார்ந்தவர் எழுந்தது சாப்பிடத்தான். அந்த வீட்டில் அவர் மறுபடி விசிலடிக்கக் கேட்டது அப்போதுதான்.

மகாராணி ஏற்கெனவே இருமுறை முட்டையிட்டிருந்தாள். இரண்டு முறையும் குஞ்சுகளுக்கு வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றினார்கள். தண்ணீர் கெட்டு ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டாவது முறை டிரைவர் குஞ்சுகளைக் கொல்லையில் புதைத்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தார், வலது கால் மறுபடி தரையை அழுத்த ஆரம்பித்தது. அப்புறம்தான் தெள்ளம்மா தெள்ளு வளர்க்க இறங்கினாள். வளர்ப்பு மீன்கடைக்காரருக்குக் கொடுக்கும் அளவுக்குப் பெருக்கினாள். இப்போது மகாராணி மூன்றாவது முறை முட்டையிட்டு, பொரிந்து, கண்ணிமை மயிர் மாதிரிக் குஞ்சுகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஓரிரு நாள் வயிற்றுப் பையில் உள்ளதை உண்ணும். பிறகு வாய் திறந்து நீந்தும். அப்போது தெள்ளுக் குட்டிகள் தயாராக இருக்க வேண்டும்.

“இந்தத் தடவை பாரு, ஒண்ணுகூடத் தவறாது” என்றார் டிரைவர்.

“வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க” என்றாள் அவள். வாய் அப்படிச் சொன்னாலும், குஞ்சுகளுக்கு இராஜ விருந்து வைத்துவிட வேண்டும் என்று மனது துடித்தது. அந்தத் துடிப்புதான் வம்பு.

அன்று காலை ஏரிக்கரைப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கரையோரம் பச்சை. சாதாரணப் பச்சை இல்லை. யாரோ பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி, கரண்டியால் வழித்துச் சுவருக்கு அடிக்கலாம் போல. மேலே பறந்த கிளி ஒன்று கீழே பார்த்துவிட்டு வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது. தெள்ளம்மா குனிந்து கையை விட்டாள். விரல் நுனி நுழைந்ததுமே நகம் காணாமல் போயிற்று. மணிக்கட்டு இல்லை, விரல் கணு இல்லை, நுனி! இத்தனை வருடத்தில் இப்படிப்பட்ட தண்ணீரை அவள் பார்த்ததில்லை. ஒரு வாளி மொண்டு, யாரும் பங்குக்கு வருமுன் வீட்டுக்கு விரைந்து, எல்லாத் தொட்டிகளுக்கும் கஞ்சத்தனம் பார்க்காமல் ஊற்றினாள்.

மறுநாள் காலை தொட்டிகளில் குதி இல்லை. அடியில் செங்கல்பொடி தூவின மாதிரி தெள்ளுகள் படிந்து கிடந்தன. ஒன்றிரண்டு மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கையை ஒருமுறை தூக்கி, வேண்டாம் என்று போட்டுக்கொண்டன.

தெள்ளம்மா தொட்டி விளிம்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். தான் ஊற்றிய பச்சை கண்முன் நின்றது. பின்னால் செருப்புச் சத்தம். டிரைவர் தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்தார்.

“என்ன, எல்லாம் தூங்குதா?”

அவள் திரும்பினாள். அவள் சொல்ல நினைத்தது வேறு. வாய் தன் பாட்டுக்கு வேறொன்றைச் சொல்லிவிட்டது.

“நேத்து வாளியைக் கழுவச் சொன்னேனே, சோப்புப் போட்டா கழுவுனீங்க?”

டிரைவர் கோப்பையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். சிவப்பு விளக்கில் நிற்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றார்.

“ஆமா… லேசா” என்றார்.

“லேசாவா?”

“லேசாத்தான்.”

பழி தானாக வந்து மடியில் விழுந்துவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் அவள் அன்று மாலைவரை வாய் மூடியிருக்க மாட்டாள். சோப்பில் தொடங்கி, குழாய்க்கு வந்து, மின்விசிறியைச் சுற்றி, குளியல் தொட்டியில் கொண்டுபோய் முடிப்பாள். அது அவளுக்குப் பழகின தடம். ஆனால் இன்று குற்றவாளி தானே என்று தெரிந்தபிறகு எப்படித் திட்டுவது? “சரி விடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

டிரைவர் தேநீரைக் குடிக்க மறந்து அவள் போன திசையையே பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து ‘சரி விடுங்க’ என்று அவள் சொல்லி அவர் கேட்டதில்லை.

அவள் மீன்கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

“தம்பி, கொஞ்சம் தெள்ளு இருந்தாக் குடேன்.”

“என்னக்கா விளையாடுறீங்க? நான் உங்ககிட்டதானே வாங்குறேன்!”

“போன வாரம் வாங்குனது?”

“அது வித்து, மீன் தின்னு, மீனையும் வித்தாச்சு. ஏன், என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.”

மதியம் உருளைக்கிழங்கு வேகவைத்து, முட்டையைப் பொரித்து வைத்தாள். டிரைவர் முட்டையைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். முட்டையைப் பார்த்தால் புதைத்த குஞ்சுகளின் ஞாபகம். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். பிறகு அவள் தட்டையும் கழுவினார். பிறகு யாரும் சாப்பிடாத தட்டுகளையும் எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். ஒவ்வொரு தட்டும் அவளுக்கு நெஞ்சில் ஒரு குத்து. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தாள், ‘தண்ணி ஜாஸ்தி செலவாகுது’ என்று மட்டும்தான் வந்தது.

அடுத்த நாள் மகளுக்கு விடுமுறை. நகரத்துக்குக் குடிதண்ணீர் அனுப்பும் நிலையத்தின் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. வந்தவள் பையைப் போடுவதற்குள் அப்பா கையைப் பிடித்துக் கண்ணாடித் தொட்டி முன்னால் நிறுத்தினார். குஞ்சுகள் சில கண்ணாடியை விட்டுவிட்டுத் தத்தித் தத்தி நீந்தத் தொடங்கியிருந்தன.

“வாய் திறந்துடுச்சு” என்றார். “போட ஒண்ணுமில்ல. வாளியில இருந்த சோப்பு தெள்ளைக் கொன்னுடுச்சு. எல்லாம் என்னாலதான்.”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கதவின் கீலை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

டிரைவர் கொல்லைக்குப் போய்விட்டார். மகள் தன் பழைய மேசையடியிலிருந்து, பள்ளிக்கூட நாளில் பரிசாக வாங்கிய மைக்ராஸ்கோப்பை எடுத்துத் தூசி தட்டினாள். சிமெண்டுத் தொட்டியில் தள்ளாடிக்கொண்டிருந்த தெள்ளு ஒன்றை ஒரு சொட்டுத் தண்ணீரோடு எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்தாள்.

“இங்க வந்து பாரு.”

தெள்ளம்மா ஒரு கண்ணை மூடி மறு கண்ணை வைத்தாள். இத்தனை நாள் வளர்த்தும் தெள்ளை முகத்துக்கு முகம் பார்த்தது அன்றுதான். உடம்பே கண்ணாடி. ஒற்றைக் கண், வளைந்த குடல், முதுகருகே துடிக்கிற இதயம்.

“ஐயோ, இதுக்கு மனசு அடிச்சுக்குதுடி!”

“அடிச்சுக்கறது பத்தல. நல்ல தெள்ளுக்கு எண்ணவே முடியாது, அவ்வளவு வேகம். இது நின்னு நின்னு அடிக்குது. முதுகுல முட்டை இருக்கணும், ஒண்ணுகூட இல்ல. வாய்ப்பக்கம் பச்சைக் கட்டி அடைச்சிருக்கு பாரு. சோப்பு இப்படிப் பண்ணாதும்மா.” மகள் தலையை நிமிர்த்தினாள். “ஏரியிலேருந்து எதாவது எடுத்து ஊத்துனியா?”

தெள்ளம்மா பொய் சொல்ல முயன்றாள். ஆனால் அந்த இதயம் கண்ணுக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தது.

“நகம் நுனியிலயே மறைஞ்சிதுடி” என்றாள். “அப்படி ஒரு பச்சை!”

“அது பாசியே இல்லம்மா. பாசி மாதிரி வேஷம் போடற கிருமி. நீலப்பச்சைன்னு நாங்க சொல்லுவோம். வெயிலும் காத்தில்லாத தண்ணியும் கிடைச்சா ஆடை கட்டுற மாதிரி மேல வந்து கட்டிக்கும். அதுக்குள்ள விஷம் இருக்கு. தெள்ளு பொறுக்கித் திங்காது, வர்றதை எல்லாம் வடிகட்டி முழுங்கும். கட்டி தொண்டையை அடைக்கும், விஷம் உள்ள போய் மிச்சத்தைப் பார்த்துக்கும். ஏன், கரையில போர்டு வெச்சிருக்கோமே, பார்க்கலியா?”

“பார்த்தேனே. ‘இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்’னு இருந்துது. நான் குடிக்கலியே!”

மகள் நெற்றியில் கை வைத்தாள். “கையை நல்லாக் கழுவுனியா, அதையாவது சொல்லு.”

“கழுவுனேன், கழுவுனேன். குஞ்சுக்கு என்ன பண்றது, அதைச் சொல்லு. உங்கப்பா மறுபடி அந்த நாற்காலியில உக்காந்தார்னா எழுந்திரிக்க மாட்டார்டி.”

மகள் யோசித்தாள். “உன் தெள்ளுங்க செல்லமா வளர்ந்ததுங்க. ஈஸ்ட்டும் நல்ல பச்சையும் தவிர வேற பார்த்ததில்ல, அதான் ஒரே நாள்ல சாஞ்சிடுச்சு. ஆனா வருஷா வருஷம் இந்த விஷத்துலயே கிடந்து தப்பிச்ச கூட்டமும் உண்டு. தாங்குனது பொழைக்கும், அதோட பிள்ளைங்களுக்கும் தாங்கற சக்தி வந்துடும். அந்த மாதிரி எங்கயாவது கிடைச்சா…”

“ஏரியில?”

“ஏரி மீன் விட்டு வைக்குமா? மீன் இல்லாத இடமா இருக்கணும். ஏரிச் சேறு இருக்கணும். நிலைமை மோசமானா தெள்ளு ஓடு கட்டின முட்டை போட்டு சேத்துல விட்டுடும், அது வருஷக் கணக்காக் கிடக்கும். இன்னொரு வேடிக்கை தெரியுமா? நல்ல காலத்துல இதுங்க எல்லாமே பொம்பளைங்க. ஆம்பளையே கிடையாது. கெட்ட காலம் வந்தாத்தான் ஆம்பளை பொறப்பான். அவன் வந்தாத்தான் அந்த முட்டை.”

“சரியாத்தான் படைச்சிருக்கு” என்றாள் தெள்ளம்மா.

“ஆக, பழைய சேறு. வருஷக்கணக்கா யாரும் கழுவாம, வெயில்ல பச்சை பிடிச்சு…”

மகள் பாதியில் நிறுத்தினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

கொல்லையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கறக், கறக் என்று, பிரஷ்ஷால் எதையோ தேய்க்கிற சத்தம்.

தெள்ளம்மா ஓடிய ஓட்டத்தைப் பற்றித் தெருவில் இன்றும் பேச்சு உண்டு. தையல் எந்திரத்தைச் சுற்றிக்கொண்டு போகவில்லை, தாண்டினாள் என்பது மகளின் சாட்சியம்.

கொல்லையில் டிரைவர் காற்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு, குளியல் தொட்டியின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சேறும் பச்சைத் தண்ணீரும் அப்படியே. ஒரு கையில் பிரஷ். மறு கையில் முழுதாகப் பிரித்த புதுச் சோப்பு. அடியிலிருந்த அடைப்பானைப் பிடுங்கத்தான் குனிந்துகொண்டிருந்தார்.

“நிறுத்துங்க! தொட்டியைக் கழுவாதீங்க!”

டிரைவர் குனிந்தபடியே நின்றார். அந்த வீட்டில் அந்த வாக்கியம் அதுவரை உச்சரிக்கப்பட்டதில்லை. வெயில் அவள் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

“என்னம்மா சொல்ற? நிழலுக்கு வா. இவளுக்குத் தண்ணி கொண்டா பாப்பா.”

“சோப்பைக் கீழ போடுங்க முதல்ல! இல்ல, தொட்டிக்குள்ள போடாதீங்க, அந்தப் பக்கம், அந்தப் பக்கம்!”

அவர் சோப்பை வேலிக்கு அப்பால் எறிந்தார். மகள் கண்ணாடி டம்ளரால் தொட்டித் தண்ணீரை மொண்டு வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தாள். பச்சைத் துணுக்குகளுக்கு நடுவே, சிவப்பாக, குண்டாக, யாரையும் பொருட்படுத்தாமல் அவை குதித்துக்கொண்டிருந்தன.

“முதுகுல முட்டையைப் பாரும்மா” என்றாள் மகள்.

தெள்ளம்மா பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“சோப்பு இல்லீங்க. நான்தான். ஏரியிலேருந்து பச்சைன்னு நினைச்சு விஷத்தை மொண்டுவந்து ஊத்திட்டேன். உங்க தலையில போட்டுட்டு ரெண்டு நாளா வாயை மூடிட்டு இருந்தேன்.”

டிரைவர் பிரஷ்ஷை விளிம்பில் வைத்தார்.

“அதனாலதான் திட்டலியா?”

“ம்.”

“உடம்புக்குத்தான் முடியலியோன்னு பயந்துட்டேன். அதான் தொட்டியையாவது கழுவிட்டா நாலு வார்த்தை பேசுவியோன்னு…”

அதற்குமேல் பேச நேரமில்லை. மகள் வேலை வாங்கினாள். தெள்ளம்மா மிச்சத் திரைச்சீலைத் துணியை இரட்டையாக மடித்து வடிகட்டி தைத்தாள். தெள்ளுகளை அள்ளி, நல்ல தண்ணீரில் அலசி, மறுபடி அலசி, பிறகு ஜன்னல் விளிம்பில் புதுப் பாசிக்கு விதையாக அவள் பத்திரப்படுத்தியிருந்த பழைய ஜாடிப் பச்சையில் விட்டார்கள். “வயித்துல இருக்கற பழசு போகட்டும். பெருசு எதையும் குஞ்சுக்குப் போடாதீங்க. இங்க பொறக்கற குட்டிங்களை மட்டும் போடுங்க” என்றாள் மகள். செல்லத் தெள்ளுகளின் தொட்டிகளைக் கவிழ்த்துக் கழுவியது டிரைவர். கழுவச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பதால் வேகமாகவே கழுவினார்.

மறுநாள் மதியத்துக்குள் ஜாடியில் குட்டிகள் பிறந்தன. கண்ணுக்குத் தெரியாத அளவு. தண்ணீர் கொஞ்சம் நடுங்குகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். தெள்ளம்மா ஒரு கரண்டி மொண்டு கண்ணாடித் தொட்டியில் மெல்லச் சாய்த்தாள். டிரைவர் முக்காலியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணிமை மயிர் ஒன்று திரும்பியது. உடம்பைச் சுருக்கியது. பாய்ந்தது. தவறவிட்டது. மறுபடி பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு குஞ்சின் வயிற்றிலும் குங்குமப்பொட்டு அளவுகூட இல்லாத ஒரு சிவப்புப் புள்ளி. தொட்டி முழுக்க அந்தப் புள்ளிகள் நீந்தின.

டிரைவர் விசிலடித்தார். ரொம்ப மெதுவாக, குஞ்சுகள் பயந்துவிடாதபடி.

தெள்ளம்மா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“என் மேல கோவமில்லையே? நீங்க பாவம், லேசாச் சோப்புப் போட்டதுக்கு ரெண்டு நாளா உருகிட்டீங்க.”

குஞ்சுகள் தின்கிற மகிழ்ச்சியில் இருந்த மனிதர், எச்சரிக்கை இல்லாமல் பேசிவிட்டார்.

“சோப்பா? நான் எங்க சோப்புப் போட்டேன்?”

“நீங்கதானே சொன்னீங்க, லேசா போட்டேன்னு?”

“நீ அப்படிக் கேட்டியா, ‘இல்ல’ன்னா ‘அப்ப வெறும் தண்ணியிலயா கழுவுனீங்க’ன்னு கேப்ப. கழுவவே இல்லன்னு எப்படிச் சொல்றது? அதுக்கு சோப்பே தேவலைன்னு…”

அவர் நிறுத்திக்கொண்டார். தாமதமாகிவிட்டது.

வாசலில் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். தெள்ளம்மா மெதுவாக எழுந்து நின்றாள். இடுப்பில் கை போயிற்று. கொல்லைக் கொடியில் துணி முதல்முறையாக லேசாக அசைந்தது. காற்று விடுப்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது.

“அந்த வாளி எத்தனை நாளாக் கழுவாம இருக்கு? சொல்லுங்க! சொன்னது என்ன, செஞ்சது என்ன? இப்படித்தான் அந்தக் குழாய்…”

குழாயிலிருந்து மின்விசிறிக்குப் போனாள். மின்விசிறியிலிருந்து வேலிக்கு அப்பால் கிடக்கும் புதுச் சோப்புக்கு வந்தாள். டிரைவர் முதுகைச் சுவரில் நன்றாகச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு, குஞ்சுகளைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வலது கால் தரையைத் தொடவே இல்லை, முக்காலியின் குறுக்குக் கட்டையில் ஆடிக்கொண்டிருந்தது. வழக்கமான தடம்தான். ஒவ்வொரு நிறுத்தமும் அவருக்கு மனப்பாடம். குளியல் தொட்டி வரவேண்டிய இடத்தில் மட்டும் அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு, கதவின் கீலுக்குப் போனாள்.